அண்ணாச்சி அணைக்காத கம்ப்யூட்டர்

சங்கரன்கோவிலில் விசைத்தறிகளுக்குச் சேலை பார்டர் வரைந்து கொடுக்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவருடைய கம்ப்யூட்டருக்குப் பதினைந்து வயது. அதிலுள்ள டிசைன் சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டர் எதிலும் ஏறாது, விற்ற கம்பெனியும் இப்போது இல்லை. "இது படுத்துட்டுன்னா கூடவே நானும் படுத்துருவேன்ம்மா" என்று என் கடைக்கு வந்து மாதக்கணக்கில் புலம்பினார். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒரே பெண் நான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

"விடுங்க அண்ணாச்சி. இதை அப்படியே நகலெடுத்து, புதுசுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரா ஓட வச்சிருதேன். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. உயிரு இதேதான், உடம்பு மட்டும் வேற" என்றேன். சொன்ன விதம் எனக்கே பிடித்திருந்தது.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் கடைக்குக் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க மாற்றினேன். மாற்றம் பிழையில்லாமல் முடிந்ததாகத் திரை சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய பெட்டியை "இனிமே இது வெறும் தகரம்" என்று சொல்லி, நானே ஸ்கூட்டரில் வைத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தேன். யாரும் கேட்காத உதவி அது.

மறுநாள் காலை அண்ணாச்சி புது மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்துத் தயாராக இருந்தார். நான் அழுத்தினேன். கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டியது.

டிஸ்க் இணைப்பை மாற்றினேன். மெமரியைக் கூட்டினேன், குறைத்தேன். ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் புது நகலிலிருந்து தொடங்கினேன். கோடு சிமிட்டியது. "சந்தனம் தள்ளி வச்சிட்டேனோ" என்று அண்ணாச்சி மெல்லக் கேட்டார். நான் பார்த்த பார்வையில் டீ சொல்லப் போய்விட்டார்.

மதியம் பசியில் பொறுமை போயிற்று. நகல் எடுக்காமல் அப்படியே மறுபடி அழுத்தினேன். அப்போதுதான் அது வாய் திறந்தது. விட்ட இடத்திலிருந்து எழுப்ப முடியவில்லை, அந்த நினைவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்டது.

"அண்ணாச்சி, கடைசியா இதை எப்படி ஆஃப் பண்ணினிய?"

"ஆஃப்லாம் பண்ண மாட்டேன்ம்மா. கடையவே மூடுதேன்னு சொல்ல மாட்டோம், எடுத்து வைக்கேன்னுதான சொல்லுவோம். சோறு போடுத மெஷின அணைக்கலாமா? தினமும் தூங்கத்தான் வைப்பேன்."

விஷயம் விளங்கிவிட்டது. ஹைபர்நேட் என்ற முறையில் தூங்க வைத்த கம்ப்யூட்டர், திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் தூங்கும். எழுந்ததும் அதே உடம்பைத் தேடும். அந்த உடம்பைத்தான் நான் இரும்புக் கடையில் போட்டிருந்தேன். இருந்தாலும் என்ன, நினைவை அழித்தால் ஓடிவிடும். அழிக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே விரலைக் கொண்டுபோனேன்.

"நில்லு மக்கா. அதுல பிள்ளையோட முகூர்த்தச் சேலை பார்டர் தெறந்து கெடக்கு."

"சேவ் பண்ணியிருக்கியள்லா?"

"முடியாததை எப்படி சேவ் பண்ண? முடிஞ்சாத்தான பண்ணணும்?"

நாலு மாத வேலை. மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். தன் கையால் வரைந்ததைத்தான் அவள் உடுத்த வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். இரும்புக் கடைக்காரர் பெட்டியின் மூடியைக் கழற்றி, அதில் ஆணிகளைக் கொட்டி வைத்திருந்தார். "நேத்து தகரம்னிய, இன்னைக்கு மூச்சு வாங்க ஓடியாறிய?" என்று நிதானமாகக் கேட்டார். உள்ளே போர்டு அப்படியே இருந்தது. மூடியை அவருக்கே விட்டுவிட்டு மீதியைத் தூக்கி வந்தேன்.

என்னிடமே இருந்த பழைய டிஸ்க்கை அதில் திரும்ப மாட்டி அழுத்தினேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். விசிறி இருமியது, பிறகு சுற்றியது. பார்டர் அப்படியே எழுந்து வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அவரை நன்றாகத் திட்டினேன். முதலில் சேவ் செய்தேன். பிறகு முறைப்படி அணைக்கச் சொன்னேன். "நீ அமுக்கு" என்றார். "முடியாது, நீங்கதான் அமுக்கணும்" என்றேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டே அமுக்கினார்.

மறுபடி மாற்றினேன். மறுநாள் விர்ச்சுவல் மெஷின் முதல் தடவையே எழுந்தது. பார்டரைத் திறந்து, அதில் வரைந்திருந்த கொடிகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கும் ஓர் இடைவெளி இல்லை. பத்து வருடமாக இந்த ஊர்க்காரர்களின் டிசைன்களைப் பார்த்து வருகிறேன். அவரை வம்புக்கிழுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

"இது எப்பவோ முடிஞ்சிட்டே அண்ணாச்சி. நாலு மாசமா இதுல என்னதான் செஞ்சிய?"

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "முடிஞ்சிட்டுன்னா தறிக்குக் குடுக்கணும்லாம்மா. குடுத்துட்டா அவ கெளம்பிருவா."

தறிக்கு அனுப்பட்டுமா என்று மட்டும் கேட்டேன். மௌஸை வாங்கி, பார்டரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, அனுப்பு என்றார்.