அத்தை தொட்டுப் பார்த்த எலும்பு

தென்காசியில் டாக்டரம்மாவின் மேசைமேல், வெள்ளைத் துணியில் அந்த இடுப்பெலும்பு இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அகன்ற எலும்புகள், பின்னால் முக்கோணமாய் ஒன்று, நடுவே ஒரு வளையம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஆனி மாதம். எனக்கு வயிற்றில் ஆறு மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள், மூன்று நாள் வலிக்குப் பின், வீட்டிலேயே உயிரில்லாமல் பிறந்திருந்தன. ராசி கெட்டவள் என்று தெருவில் பேசினார்கள். என் மாமியாரும் அதை மறுத்ததில்லை. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஏழு பிள்ளை பெற்றவள்.

டாக்டரம்மா கவராயம் மாதிரி ஓர் இரும்புக் கருவியால் என் இடுப்பை அளந்தார். சின்ன வயதில் கால் வளைந்திருந்ததா என்று கேட்டார். வளைந்துதான் இருந்தது; நாலு வயதுவரை நான் நடக்கவில்லை. பிறகு ஒரு பொம்மையின் தலையை எலும்பு வளையத்துக்குள் பக்கவாட்டில் நுழைத்து, மெல்லத் திருப்பி, முன்னெலும்புக்குக் கீழே வெளியே எடுத்துக் காட்டினார்.

"நல்ல எலும்புல பிள்ளை இப்படித் திரும்பி வந்துரும். இவளுக்குக் கால் வளைஞ்ச அந்த நோயிலேயே இதுவும் முன்னும் பின்னும் நசுங்கிக் கிடக்கு. தலை நுழையாது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், வயித்தைக் கீறித்தான் எடுக்கணும்."

இப்போது என் பேத்திகளுக்கு அது சாதாரணம். அன்று வயிற்றைக் கீறினால் பிழைப்பது அரிது என்றே நம்பினோம். செத்தவர் எலும்பு என்று அதுவரை சேலையை ஒதுக்கிப் பிடித்துத் தள்ளி நின்ற அத்தை, கிட்டே வந்து வளையத்துக்குள் கையை விட்டாள். விரல்களைக் குவித்துப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள்.

"ரெண்டு தடவையும் நான்தானே தலைமாட்டுல இருந்து, 'முக்கு, ஏட்டி முக்கு'ன்னு இவள வைதேன்," என்றாள். "வழியே இல்லாத இடத்துல பிள்ளை எங்கன வரும்?"

அழவில்லை. வீட்டுக்கு வந்து, "திருநெல்வேலிக்குப் போறோம். நானும் போறேன்," என்று மட்டும் சொன்னாள். ஐப்பசியில், மாதம் நிறையும் முன்பே புறப்பட்டோம். அதுவரை ரயிலேறாதவள், வழி முழுக்க, குலுக்கல் தெரியாமலிருக்க என் முதுகுக்குப் பின்னால் தன் கையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். என் தாய்கூட அப்படித் தாங்கியதாக எனக்கு நினைவில்லை.

மயக்கம் தெளிந்தபின் நர்ஸ் சொல்லித்தான் மற்றது தெரியும். பெண் பிள்ளை, நல்ல அழுகை. துணியில் சுற்றி அத்தையிடம் நீட்டினாளாம். அத்தை வாங்கவில்லையாம்.

"பிள்ளை இருக்கட்டும் தாயீ. எம் மருமவ கண்ணு முழிக்கட்டும். பொறவு வாங்கிக்கிடுதேன்."