முப்பது நாள் அவகாசமும் ஒரு மனுவும்

மருத்துவக் காப்பீடு விற்பவளைத் தூரத்தில் பார்த்தாலே எதிரில் வருகிறவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும். பதினோரு வருடமாக ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே ஸ்கூட்டியில் அலைகிறேன். அணைந்து கிடக்கிற போனில் என் கண் முன்னாலேயே குடும்பப் பிரச்சினை பேசி முடித்தவர்கள் உண்டு. பிரீமியம் கட்டுகிறவர்களே, கட்ட முடியாமல் விட்டவர்களே, என்னைப் போல விற்று வயிறு வளர்க்கிறவர்களே, நாம் எல்லோரும் ஒரே வார்டில் கிடக்கிறவர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மாதம் எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, படுத்தால் தூக்கம் வரவில்லை. எல்லாம் ஒரே ஒரு பாலிசியால்.

அண்ணாச்சியின் வயது

துறைமுகத்துக்குப் போகிற வழியில் கயிறும் மிதவையும் பெயின்டும் விற்கிற கடை செல்வராஜ் அண்ணாச்சியுடையது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவருக்கும் அவர் மனைவி ராசக்கனி அக்காவுக்கும் சேர்த்து எட்டு வருடத்துக்கு முன்னால் நான்தான் பாலிசி போட்டுக் கொடுத்தேன். ஏழு வருடம் ஒரு மாத்திரைக்குக்கூட அவர் கம்பெனியைத் தொந்தரவு செய்யவில்லை. போன வருடம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இந்த வருடம் ஐம்பத்தாறு பிறந்தது. கம்பெனியின் வயதுக் கணக்கில் அது அடுத்த படி. புதுப்பிக்கச் சொல்லி வந்த நோட்டீசில் பிரீமியம் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. தடைக்கால வியாபாரத்தில் அவ்வளவு பணம் புரட்ட அவரால் முடியாது.

கெடு தேதி தாண்டினால் முப்பது நாள் அவகாசம். அதையும் விட்டால் எட்டு வருடப் பாலிசி அன்றோடு முடிந்தது. புதிதாக எடுத்தால் இதயத்துக்கு மட்டும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவும் எந்தக் கம்பெனியாவது அவரைச் சேர்த்துக்கொண்டால். அறுபது தாண்டியவர்களுக்குப் பிரீமியம் கண்டபடி ஏறாமல் ஒரு கட்டுப்பாடு வந்திருக்கிறது. ஐம்பதுகளில் இருப்பவர்களைக் கேட்பாரில்லை. இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

“ஏம்மா, எனக்கு வயசாயிட்டுன்னு நான் சொன்னா வீட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ. ஒங்க கம்பெனிக்காரன் மட்டும் எப்படி கரெக்டா கண்டுபிடிச்சான்?”

போய் எழுதுங்கள்

மறுநாள் காலையிலேயே கிளை அலுவலகத்தில் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. விலையைத் தாங்கள் வைப்பதில்லை, தலைமை அலுவலகம் வைக்கிறது, அவர்களும் சட்டம் விடுகிற அளவுக்குத்தான் வைக்கிறார்கள் என்றார். அப்படியானால் சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும் என்றேன். தாராளமாக மாற்றுங்கள், எம்.பி.க்கு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. வாசலில் ஸ்கூட்டி சீட்டின்மேல் தாளை வைத்து அங்கேயே எழுதினேன். ஐம்பதுகளில் இருப்பவர்களுக்கும் பிரீமியம் ஏற்றத்துக்கு வரம்பு வேண்டும். பல வருடம் கட்டியவரின் பாலிசி ஒரு மாதத் தடுமாற்றத்தில் சாகக் கூடாது. அரசு காப்பீட்டு அட்டைக்கு வருமானம் கூடுதல், தனியார் பிரீமியத்துக்கு வருமானம் பத்தாது என்று நடுவில் மாட்டியவர்களுக்கு ஒரு வழி வேண்டும். முதல் கையெழுத்து கேட்டு மறுபடியும் உள்ளே போனேன்.

“மேடம், நீங்க கெளம்பணும்னு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நிஜமாவே எழுதிட்டீங்களா?”

பாதிப் பங்கு

கையெழுத்து வாங்கத் துறைமுகத்தைவிடத் தோதான இடம் கிடையாது. தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளெல்லாம் கரையில் நின்றன, ஆட்கள் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். படகு ஓட்டுகிற ஏழுமலை எனக்குப் பழக்கம். விஷயத்தைச் சொன்னேன். “எங்களுக்கு கவர்மென்ட் கார்டு கீதுக்கா, அண்ணாச்சிக்கு இல்லியா?” என்று கேட்டான். கடைக்காரர், வருமானம் அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டது என்றேன். “கொஞ்சம் தாண்டுனா நெஞ்சு வலிக்காதாமா?” என்றான்.

அவர்கள் படகில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். பிடித்த மீனை விற்றதும் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். உடம்பு முடியாமல் கடலுக்கு வராமல் போனவனுக்கும் பாதிப் பங்கு வீட்டுக்குப் போய்விடும். எத்தனை நாள் என்று கேட்டேன், எழுந்து வரும் வரைக்கும் என்றான். ஏழுமலை கையெழுத்துப் போட்டு, தாளைத் தானே வாங்கிக்கொண்டு படகு படகாக ஏறி இறங்கினான். ஒரு மணி நேரத்தில் நாலு பக்கம் நிறைந்தது. திருப்பிக் கொடுக்கும்போது கேட்டான்:

“வயசாச்சுன்னு பங்க கொறைச்சா, அப்பால எவன் அந்த போட்டுல ஏறுவான்?”

படகு எங்கே?

ஒரு எம்.பி.யின் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம், பத்து நாள், பதிலே இல்லை. தினமும் விடிந்ததும் அண்ணாச்சியின் கெடுவைக் காலண்டரில் பார்ப்பது, கண்டெய்னர் லாரிக்கு நடுவே மாட்டிக்கொண்டு பல்லைக் கடிப்பது என்று நாள் ஓடியது. ஆறு நாள்தான் பாக்கி என்றதும் நேரில் போனேன். அங்கிருந்த உதவியாளர், மனுவை அப்போதே மீன்வளத் துறைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

தப்பு என்னுடையதுதான். துறைமுகத்தில் எந்த மனுவானாலும், டீசல் மானியமோ நிவாரணமோ, பெயருக்குப் பக்கத்தில் படகு நம்பரை எழுதுவது அவர்கள் பழக்கம். நம்பர் இல்லாவிட்டால் எந்த ஏழுமலை என்று யாருக்கும் தெரியாது. நாலு பக்கமும் படகு நம்பர். நான் பெருமையில் பக்கத்தை எண்ணினேனே தவிர படித்துப் பார்க்கவில்லை. என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உதவியாளர் நல்ல மனிதர், ஒரு தாளை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“பதில்கூட வந்துடுச்சு மேடம். எல்லா படகையும் ஆய்வுக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. உங்க படகு எங்க நிக்குது?”

கூட்டத்தொடர்

இரண்டு நாள் கழித்து விம்கோ நகரில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு அந்த எம்.பி. வருகிறார் என்று தெரிந்தது. மனுவைப் புதிதாக எழுதினேன். மேல் தாளில் கொட்டை எழுத்தில் ‘மருத்துவக் காப்பீடு’ என்று போட்டு அடியில் இரண்டு கோடும் போட்டேன். சால்வைகளுக்கு நடுவே முண்டியடித்து அவர் கையில் கொடுத்தேன்.

வாங்கி உதவியாளரிடம் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்தார். நியாயமான கோரிக்கை, ஐம்பது வயதுக்காரர்களைப் பற்றி யாரும் இதுவரை தன்னிடம் சொல்லவில்லை என்றார். நாலு நாளில் அண்ணாச்சியின் பாலிசி போய்விடும் என்று குழறிக் குழறிச் சொன்னேன். அவர் நிஜமான அக்கறையோடுதான் என் கையைப் பிடித்துச் சொன்னார்:

“கண்டிப்பா கேள்வி போடறேம்மா. அடுத்த மாசம் கூட்டத்தொடர். அதுவரைக்கும் அவரைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க.”

கடைசி நாள்

முப்பதாவது நாள் மதியம் என் வீட்டு வாசலில் ராசக்கனி அக்கா நின்றார். பதினைந்து நிமிட வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். கையில் அண்ணாச்சியின் போன். அவர் மாத்திரை போட்டுத் தூங்குகிறார், எழுவதற்குள் போக வேண்டும் என்றார். உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தன் பெயரைப் பாலிசியிலிருந்து எடுத்துவிட்டு அண்ணாச்சிக்கு மட்டும் போட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். அது தன்னிடம் இருக்கிறது என்றார்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். ஒருமுறை வெளியே வந்துவிட்டால் திரும்பச் சேருவது லேசில்லை என்றேன், அண்ணாச்சியிடம் கேட்காமல் செய்வது தப்பு என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனை என் முன்னால் வைத்தார். மணி மூன்றாகியிருந்தது. நான் படிவத்தை நிரப்பினேன். அண்ணாச்சியின் போனுக்கு வந்த ஓ.டி.பி.யை அக்கா படிக்கப் படிக்க நானே தட்டினேன். அவ்வளவு வெட்கம் எனக்கு இந்தத் தொழிலில் என்றைக்கும் வந்ததில்லை. புதுப்பித்தாயிற்று என்ற செய்தி வந்ததும் அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. செய்தியை அழிக்கத் தெரியாமல் என்னிடமே கொடுத்து அழிக்கச் சொன்னார். உங்களுக்கு ஏதாவது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் வராதும்மா. வந்தாலும் நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்.”

ஆக, பாராளுமன்றம் கூடி அந்தக் கேள்விக்குப் பதில் வரும் வரையில் ராசக்கனி அக்காவுக்கு உடம்புக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்பதுதான், இன்றைய தேதியில் எங்கள் பக்கத்தில் அமலில் இருக்கிற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்.