சாய்ந்தமருதில் மெதுவாகச் சுழன்ற தட்டு

காலை ஆறே முக்காலுக்கு மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். எண்பத்திரண்டாம் ஆண்டு, பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை. கல்முனைக்கு இருபத்தைந்து மைல். டிக்கட் நான்கு ரூபாய். மடியில் ஒரு தோல் பை. அதற்குள் திருகாணிச் சாவிகள், தையல் மெஷின் எண்ணெய், அரத்தாள், மருந்துக்கடைப் பிளாஸ்டர். தொழிலால் நான் கந்தோர் எழுதுவினைஞன். ஆனால் கடல் கடந்து வந்த பழைய ரெக்கோட் பிளேயர் எங்காவது கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் எனக்குச் சோறு இறங்காது. வாங்கி, பிரித்து, துடைத்து, மறுபடி பாட வைத்தால்தான் நிம்மதி. சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் ஜெர்மன் பெட்டி ஒன்று பழுதாகக் கிடக்கிறதாம், விற்கப் போகிறார்களாம் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார்.

காத்தான்குடி தாண்டியதும் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மருதமுனைக்குச் சாரன் மொத்தமாக வாங்கப் போகிறவர். என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர் பல்லுப் புடுங்குற டொக்டரா?"

"இல்ல, பாட்டுப் பெட்டி திருத்துறன்."

"அப்ப அதுக்கும் வாய் நோகுமாக்கும்" என்று சொல்லிவிட்டு என் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனார். கல்லாற்றில் இரண்டு பக்கமும் தண்ணீர். வெயில் இன்னும் ஏறவில்லை. வாவி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பஸ் ஓடுகிறதா மிதக்கிறதா என்றும் தெரியவில்லை. நானும் பாதி தூக்கத்தில்தான் இருந்தேன்.

எட்டே காலுக்குக் கல்முனை. ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் தெற்கே இரண்டு மைல் நடந்தேன். கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒழுங்கைகள் எல்லாம் வெள்ளை மணல். செருப்புச் சத்தமே கேட்காது. வேலிகளுக்கு அப்பால் அலைச் சத்தம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்காரர் இஸ்மாலெவ்வை வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஜித்தாவில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் பத்து நாளுக்கு முன்தான் வந்தவர்.

"இரிங்க சேர். போன புதிசுல அங்க ஒரு இஞ்சினியர்ட்ட பழசா வாங்கின. கூட்டாளி ஒருத்தன்ட்ட இஞ்ச அனுப்பி வெச்சன். வோல்ட் வேற எண்டு டிரான்ஸ்போமரும் சேத்துத்தான் அனுப்பின. வந்து பாத்தா பழுது."

போட்டுக் காட்டினார். தமிழ்நாட்டுப் பாடகர் ஒருவரின் இஸ்லாமியப் பாட்டுத் தட்டு. குரல் தொண்டைக்குள்ளேயே உருண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கரை ஏறி வந்தது, மத்தியான வெயிலில் நடக்கிற மனிதரைப் போல. எனக்கு அது பழுதாகவே தோன்றவில்லை. தட்டின் ஓரத்தில் கடதாசித் துண்டொன்றை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்துமூன்றுக்கு மேல் வர வேண்டும், இருபத்தெட்டுத்தான் வந்தது. பெட்டி பத்தரை மாற்றுத் தங்கம். சவூதியில் அது ஓடிய இடத்து மின்சாரம் செக்கனுக்கு அறுபது தரம் துடிப்பது, நம்முடையது ஐம்பது. மோட்டர் அந்தத் துடிப்புக்குத்தான் சுற்றும். வோல்ட்டைப் பற்றி யோசித்த மனிதர் இதை யோசிக்கவில்லை.

வாயைத் திறக்கவில்லை. பழுது என்றே இருக்கட்டும் என்று, நானூறு ரூபாய்க்குப் பேசி முடித்தேன்.

"ஒரு சொல்லு அவட்டயும் கேக்கணும்" என்றார் இஸ்மாலெவ்வை. அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குச் சீதனம்; கட்டியவன்தான் அங்கே வந்து குடியேறுகிறான். வீட்டுக்குள் இருக்கும் சாமானும் அவள் வாய் திறக்காமல் வெளியே போகாது. நான் இத்தனை நேரமும் பேசியது பாதிப் பேர்வழியுடன்தான்.

கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்து அவர் மனைவி சுபைதாவின் குரல் வந்தது.

"குடுக்கலாம். ஆனா இண்டைக்கி வெள்ளி. பின்னேரம் அசர் தொழுதிட்டு, கடைசியா ஒருக்காக் கேட்டிட்டுத் தாறன்."

விளக்கத்தை இஸ்மாலெவ்வை சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு. அதே தட்டில் இன்னொன்று ஜித்தாவில் வேலையாட்கள் தங்கும் முகாமில் அவரிடம் இருந்தது. அங்கேயும் ஒரு பிளேயர் இருந்தது. வெள்ளிக்கு வெள்ளி, அசருக்குப் பிறகு அவர் அங்கே போடுவார், சுபைதா இங்கே போடுவார். கடிதத்தில் செய்துகொண்ட ஏற்பாடு. ஒரு வெள்ளிகூடத் தவறவில்லையாம்.

அங்கேதான் எனக்குப் புத்தி பிசகியது. கடைசித் தடவையாவது அந்தப் பெண் பாட்டைச் சரியாகக் கேட்கட்டுமே என்று மனம் இளகியது. கைவரிசையைக் காட்டும் ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன். மத்தியான ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் பெட்டியைக் கவிழ்த்து, இறுகிப்போன கிரீஸைத் துடைத்து, எண்ணெய் விட்டேன். ரப்பர்ச் சில்லை அரத்தாளால் தேய்த்தேன். மோட்டரின் அச்சில் பிளாஸ்டரை நறுக்கி மூன்று சுற்றுச் சுற்றினேன். அச்சு பருத்தால் தட்டு வேகமாகச் சுழலும். எண்ணிப் பார்த்தேன், முப்பத்துமூன்றும் சொச்சமும். யாரிடமும் சொல்லவில்லை.

இஸ்மாலெவ்வை பள்ளிவாசலுக்குப் போக, நான் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். தோணிகள் மணலில் ஏறிக் கிடந்தன. வெள்ளி என்பதால் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. மனத்துக்குள் பெட்டியை என் வீட்டில் எந்த மேசையில் வைப்பது என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சூரைமீன் கறியும் எருமைத் தயிருமாக மத்தியானச் சாப்பாடு, கண் சொக்கியது.

நாலு மணிக்கு இஸ்மாலெவ்வை ஊசியை வைத்தார். குரல் துள்ளிக்கொண்டு எழுந்தது.

"இதுதான்! இதத்தான் சேர் நான் அங்க கேட்ட!" அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

சீலை விலகியது. சுபைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவடியில் நின்றார்.

"இது ஆரு பாடுற?"

"அதே ஆள்தான் புள்ள. சேர் திருத்திப்போட்டாரு."

சுபைதா இரண்டு அடி பாட்டைக் கேட்டார்.

"ரெண்டு வருஷமா நீங்க கேட்டது இதா?"

"ஓம்."

"அப்ப நாம ஒண்டாக் கேக்கலியே."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் என் கையைப் பார்த்தேன். நல்லது செய்யப் போய் இரண்டு வருடத்து வெள்ளிக்கிழமைகளை ஒரு துண்டுப் பிளாஸ்டரால் அழித்துவிட்டேன். இஸ்மாலெவ்வையின் சிரிப்பும் போயிருந்தது. பாட்டு மட்டும் உற்சாகமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஊசியைத் தூக்கினார்.

"சேர், என்ன செஞ்சீங்களோ அதக் கழட்டுங்க."

"மறுபடி மெதுவா ஓடும்."

"ஓடட்டும். அவ கேட்டத நான் இன்னும் முழுசாக் கேக்கல்ல. வந்த அண்டு ரெண்டு நிமிஷம் கேட்டிட்டுப் பழுதெண்டு நிப்பாட்டின."

கழற்றினேன். அவர் ஊசியை மறுபடி வைத்துவிட்டு, கதவடியில் நிலத்தில் உட்கார்ந்து, "வா புள்ள" என்று கூப்பிட்டார். பிறகு சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு பாய் விரிபடும் சத்தம் கேட்டது. அந்தக் கனத்த குரல் அலைச் சத்தத்தோடு கலந்து, அவசரமே இல்லாமல் வீட்டை நிறைத்தது. இப்போது அது எனக்கும் அழகாகத்தான் இருந்தது. விலை பற்றி ஒருவரும் பேசவில்லை. பெட்டியை விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இஸ்மாலெவ்வை கையை மட்டும் நெஞ்சில் வைத்தார்.

ஐந்தரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என் வீட்டில் அப்போது எட்டுப் பெட்டிகள் இருந்தன. எல்லாம் வேகம் தப்பாமல் ஓடும். பாட்டுப் போடும்போது ஊசியில் தூசு விழும் என்று கதவைச் சாத்திக்கொள்வேன். என் மனைவி சமையலறையில் இருந்து அதை எப்படிக் கேட்டாள், கேட்டாளா என்றுகூட நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.