வெள்ளிக்கிழமை விளைமீன்

எங்கள் அப்பாவுக்குச் சாமியில் இருந்த பயம் ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமையென்றால் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, எங்கள் படலையைத் தாண்டக்கூடாது. மச்சம் காய்ச்சுகிற சட்டியை வியாழன் இரவே மாட்டுக்கொட்டிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார். ஒருமுறை மீன்குழம்புக் கரண்டியை அம்மா மறதியாய்ப் பருப்புக்கறிக்குள் போட்டுவிட, கறி முழுவதும் வாழையடிக்குப் போனது. அன்று எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டது வாழைமரம் மட்டும்தான்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மீனைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் கண்ணால் கண்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

அந்த வருடம் தை மாதம் எனக்கொரு தம்பி பிறந்து, பதினொரு நாளில் போய்விட்டான். அதன்பிறகு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். அப்பாவே புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து சமைப்பார். அம்மா இரண்டு வாய் கூடச் சாப்பிட்டால் அன்று அவருக்குத் திருவிழா. சித்திரை விடுமுறை வந்ததும் எங்கள் இருவரையும் நெடுந்தீவிலிருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார். பெரியப்பாவுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. எங்களைக் கூட்டிப்போக வந்த அவரிடம், "அண்ணை, இவளைப் பழைய ஆளாய்த் திருப்பித் தாங்கோ" என்று அப்பா சொன்னது எனக்குக் கேட்டது.

முதல் நாலைந்து நாள் அம்மா அங்கேயும் படுத்துத்தான் கிடந்தார். ஒருநாள் பின்னேரம் பெரியம்மா அவரைக் கையில் பிடித்துக் கடற்கரைக்கு இழுத்துப்போனார். போன இடத்தில் ஒரு அலை வந்து பெரியம்மாவைத் தூக்கிக் குப்புறப் போட்டது. பெரியம்மா நல்ல பருமனான ஆள். எழும்ப எழும்ப விழுந்தார். அதைப் பார்த்து அம்மா சிரிக்கத் தொடங்கினார். பிறகு நாள்தோறும் கடல்தான். குதிரைகள் கூட்டமாய் மேய்வதைப் பார்த்தோம், சிப்பி பொறுக்கினோம், வெயிலில் கறுத்துப்போனோம். இன்றைக்கு என்ன கிழமை என்பது எங்கள் இருவருக்கும் தேவைப்படவேயில்லை.

திரும்பிய அன்று விடியவே வள்ளம் ஏறி, குறிகட்டுவான் துறையில் இறங்கினோம். ஒருவர் பெட்டி நிறைய விளைமீன் வைத்துக்கொண்டு ஆளில்லாமல் இருந்தார். அம்மா பேரம் பேசினார். பாதி விலைக்கே ஒத்துக்கொண்டு, "கொண்டு போங்கோ அக்கா, பெரிய உதவி" என்றார் அவர். தன் கெட்டித்தனத்தை நினைத்து அம்மா எங்கள் ஊர் சண்டிலிப்பாய் வரும்வரை பஸ்ஸுக்குள் பூரித்துப்போயிருந்தார்.

நாங்கள் வந்தபோது அப்பா திருநீற்றோடு முற்றத்தில் நின்றார். பருப்பும் கத்தரிக்காயும் காய்ச்சி இறக்கியிருந்தார். மீனைக் கண்டதும் அவர் முகம் ஒருமாதிரிப் போனது.

"என்னப்பா அப்பிடிப் பாக்கிறியள்? பேசிப் பேசிப் பாதி விலைக்கு வாங்கினனான்" என்று சிரித்த அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நான் காய்ச்சிறன். சட்டி எங்கை?"

அப்பா மீனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மாவைத்தான் கனநேரம் பார்த்தார்.

"கொட்டிலுக்கை கிடக்கு. நீ இரு, நான் எடுத்தாறன்."

ஆனால் அவர் கொட்டிலுக்குப் போகவில்லை, முதலில் வீட்டுக்குள்ளே போனார். தண்ணீர் குடிக்கப் பின்னால் போன நான் பார்த்தேன், ஆணியிலிருந்த கலண்டரைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்தார். அதிலிருந்த எழுத்தை வாசிக்க எனக்குத் தெரியும்.

"அப்பா, இண்டைக்கு வெள்..."

"பிள்ளை, போய்க் கால் முகத்தைக் கழுவு."

அம்மா தானே அரைத்து, தானே காய்ச்சி, மூன்று மாதத்துக்குப் பிறகு எங்களுக்குப் பரிமாறினார். "எப்பிடி இருக்கு?" என்று கேட்க, "இன்னும் ரெண்டு துண்டு போடு" என்றார் அப்பா. நானும் சாப்பிட்டேன். முருகன் எந்த வழியால் வருவாரோ என்று வாசலைப் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிட்டேன்.

அடுத்தநாள் காலை, வெள்ளிக்கிழமையென்று நினைத்து அம்மா மஞ்சள்தண்ணீர் கரைத்து வீடு கழுவத் தொடங்கினார். பக்கத்து வீட்டு அக்கா வேலிப் பொட்டால் எட்டிப்பார்த்து, "சனிக்கிழமையில என்ன கழுவல்?" என்று கேட்டார். அம்மா விளக்குமாற்றோடு அப்பாவிடம் ஓடினார்.

"என்னப்பா, நேற்று வெள்ளியெண்டு ஏன் சொல்லேல்லை?"

"அட, நான் மறந்தெல்லே போனன்!"

அம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் நிலத்தில் இருந்துவிட்டார். வெள்ளிக்கிழமையை மறந்த மனிசனென்று அன்றைக்கே எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுக்கக் கதை பரவிவிட்டது. அப்பா வெட்கப்படவில்லை. சந்தோசமாகத்தான் இருந்தார். ஆனால் அன்று முழுவதும் ஒரு வாய் சோறு தொடவில்லை, வயிறு சரியில்லையாம். "கண்டபாட்டுக்கு மீனைத் திண்டால்?" என்று பகிடி பண்ணியபடி அம்மா மல்லித்தண்ணீர் அவித்துக் கொடுத்தார். மீனாசையில் பொய் சொன்னவருக்கு முருகன் சரியான வேலை செய்துவிட்டாரென்று எனக்கு உள்ளுக்குள் நல்ல திருப்தி.

அடுத்து வந்த ஐந்து வெள்ளிக்கிழமைகளிலும் அப்பாவுக்கு வயிறு சரியில்லாமல் போனது, ஒரு வாய் சோறும் தொடவில்லை. வெள்ளி காலையில் தொடங்கிச் சனி விடிய மாறிவிடுகிற அந்த வயிற்று வருத்தம் என்னவென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.