எர்த் ஒயர்

அப்பா அந்தப் பழைய காரை வாங்கிய புதிதில், அம்மாவைப் பெற்ற தாத்தா புன்னைக்காயலிலிருந்து வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். காயலான் கடைக்குப் போகிற வழியில் இங்கே இறங்கிவிட்டதா என்று கேட்டார். தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதன்பிறகு அவர் மாமனார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

தூத்துக்குடி உப்புக்காற்றில் காரின் பேட்டரி வைக்கும் தட்டு அரித்துப் போயிற்று. துறைமுகத்தில் எழுத்து வேலை பார்த்த அப்பாவுக்கு மெக்கானிக்கிடம் போக மனமில்லை. தானே தகடு வெட்டிப் பொருத்தி, கருப்புப் பெயின்ட் அடித்து, ஒயர்களைத் திரும்ப மாட்டினார். அன்றிலிருந்து கார் ஒரு தினுசாக நடந்துகொண்டது. ஹாரன் அடித்தால் விளக்கு மங்கும். பிரேக்கை மிதித்தால் திரும்புவதற்கான மஞ்சள் விளக்கு மினுங்கும். மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து உட்காருமுன் புன்னைக்காயல்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். தாத்தாவுக்கு ரொம்ப முடியவில்லை, சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார், அம்மாவை உடனே வரச் சொன்னார்கள் என்றார். அம்மா அழவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

அப்பா சாவியைத் திருகினார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெருக்காரர்கள் தள்ளிப் பார்த்தார்கள். இருமிவிட்டு நின்றது.

“நான் பஸ்ஸுல போயிருதேன்,” என்றாள் அம்மா.

“கார வச்சிக்கிட்டு பஸ்ஸுல போய் எறங்குவியா? உங்க ஆளுவ என்னைய என்ன நெனைப்பாவ? இந்தா, இப்ப சரியாயிரும்.”

வெந்நீர் ஊற்றிப் பேட்டரி முனைகளைக் கழுவினார். பியூஸை மாற்றினார். பல்பில் ஒயர் கட்டி பேட்டரியில் வைத்துப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. பேட்டரி நன்றாக இருக்கிறது, பின் எங்கே போகிறது கரண்ட் என்று காரிடமே கேட்டார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அம்மா பையை இறக்கி வைக்காமல் நின்றாள். தெருமுனையில், புன்னைக்காயலுக்குப் போக ஏறவேண்டிய ஆத்தூர் பஸ் போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் போனது. சோறு ஆக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

வெயில் தாழ்ந்தபோதுதான் அப்பா கண்டுபிடித்தார். பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகிற எர்த் ஒயரை, தான் அடித்த பெயின்ட்டின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார். கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்ததும் ஒயரை வைத்து இறுக்கினார். ஒரே திருகலில் வண்டி உறுமியது. நான் கை தட்டினேன். “பாத்தியா, எர்த்துதான்,” என்றார் அம்மாவிடம். அம்மா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் அப்பா ஹாரனை அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். விளக்கு மங்கவே இல்லை. புன்னைக்காயலுக்குள் நுழையும்போது கோயிலில் துக்க மணி அடித்துக்கொண்டிருந்தது.

பெரிய மாமா வாசலில் நின்றிருந்தார். “மத்தியானம் வரைக்கும் நெனவு இருந்துது. ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாவ, ஏளா,” என்றார். அம்மா அவரைத் தாண்டி உள்ளே போனாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். பெயின்ட்டுக்கு மேல் கரண்ட் பாயாது என்பதை அப்பா அவர்களுக்குக் கையை ஆட்டி விளக்கினார். அவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடக்கம் முடிந்து அம்மா பஸ்ஸில்தான் ஊர் திரும்பினாள். அதற்குப் பிறகு, அப்பா அந்தக் காரை விற்கிற வரைக்கும், அவள் அதில் ஏறவே இல்லை. கல்யாணமோ, திருவிழாவோ, நாங்கள் காரில் போவோம். அவள் பின்னால் பஸ்ஸில் வந்து சேருவாள். அப்பா கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிறாள் என நினைத்து, எல்லாம் சரியாகிவிட்டது, பயப்படாமல் வா அம்மா என்று நான்தான் வெகுநாள் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.