கரண்ட் வச்ச உடம்பு

1. என் மேஜைக்கு ஃபேன் காற்று மட்டும்

பிலோமினா எங்கள் நர்சிங் ஹோமில் சேர்ந்த முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது. அல்சர் இல்லை. டாக்டரம்மாவிடம் காட்டி உறுதி செய்துகொண்டேன்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருந்த சின்ன நர்சிங் ஹோம் அது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். நான் சீனியர் ஸ்டாஃப் நர்ஸ். வாய் ஓயாது. ஜோக் சொல்லியே வலி தெரியாமல் ஊசி போடுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிவேன். "ஊசி வலிக்கல சிஸ்டர், உங்க ஜோக்குதான் வலிக்குது" என்று ஒரு பேஷண்ட் சொன்னதை டாக்டரம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

வெளியூர் பெரிய ஆஸ்பத்திரிகளில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் முடித்துவிட்டு வரும் பெண்களுக்கு செவ்வாய்க்கிழமை எங்களிடம் செக்கப். டாக்டரம்மா பார்ப்பதற்கு முன்னால் நர்ஸ் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். எனக்கு ஒரு மேஜை, பிலோமினாவுக்கு ஒரு மேஜை. அவள் மேஜை முன்னால் கூட்டம். என் மேஜை முன்னால் ஃபேன் காற்று.

"இங்க வாங்கம்மா, காலியாத்தான் இருக்குது."

"பரவால்லைங்க சிஸ்டர், நாங்க அவங்களையே பாத்துக்கறோம்."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தார்கள். பிலோமினா என்னைவிட வயதில் சின்னவள், உயரத்தில் பெரியவள், சாயங்காலம் வரை யூனிஃபார்ம் கசங்காதவள். அதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். அவளிடம் போன பெண்கள் அழுதார்கள். மூக்கைச் சிந்திவிட்டு முகம் தெளிந்து எழுந்தார்கள். என்னிடம் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வந்து, சிரித்துக்கொண்டே போனார்கள். நான் பி.பி. பார்த்தேன், எடை பார்த்தேன், "வூட்ல எல்லாம் நல்லா இருக்குதா?" என்று கேட்டேன். "நல்லா இருக்குதுங்க" என்றார்கள். என் விசாரணை அத்தோடு முடிந்தது.

2. திருடிய கேள்வி

பஞ்சு எடுக்கும் சாக்கில் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். ஒரு வார்டுக்கே போதுமான பஞ்சு கையில் சேர்ந்த பிறகுதான் அவளுடைய வித்தை பிடிபட்டது. அவள் கேட்டது இதுதான்:

"இப்ப நீங்க பாய் எங்க போடறீங்க? அவரு எங்க போடறாரு?"

இந்தக் கேள்விக்கு "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "நான் அடுப்பங்கரைல, அவரு வாசல்ல" என்று இடத்தைச் சொல்லியாக வேண்டும். இடம் வந்துவிட்டால் காரணம் பின்னாலேயே வந்துவிடும். வறண்டுபோனது, வலி தாங்காமல் தள்ளிப் படுத்தது, லேசாக ரத்தம் பட்டு இருவரும் பயந்தது, 'அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே, இனிமே என்ன' என்று மாமியார் குத்தியது. தாம்பத்தியம் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற பெண்கள், பாய் என்றதும் தயங்காமல் பேசினார்கள்.

அடுத்த செவ்வாயே அந்தக் கேள்வியைத் திருடினேன். வழி தவறி என் மேஜைக்கு எங்கள் மாவட்டத்து மங்களூர் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். சீட்டைக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு ஆசை எனக்கு.

"பாய் எங்கம்மா போடறீங்க?"

அவர் முகம் வெளுத்தது. "ஏன் சிஸ்டர், அட்மிட் பண்ணப் போறீங்களா? சாதாக் காய்ச்சல்னுதான வந்தேன்! இங்க கட்டில் இல்லியா? பாய்கூட நாங்கதான் எடுத்தாரணுமா?"

பக்கத்து மேஜையில் பிலோமினாவின் தோள் குலுங்கியது. அந்த அம்மா போனதும், "அக்கா, நீங்க கேட்டது, ரெண்டு பாய் எடுத்தா ஒண்ணு ஃப்ரீங்கற மாதிரி இருந்துச்சுக்கா" என்றாள்.

3. செல்வியின் புருஷன்

செல்வி பீங்கான் பட்டறையில் பொம்மைக்கு வர்ணம் அடிப்பவள். ரேடியேஷன் முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. அன்று பிலோமினாவிடம் அழுதாள். எனக்குக் கேட்டது. கேட்கிற மாதிரிதான் நாற்காலியைப் போட்டிருந்தேன்.

"அவரு பாயத் தூக்கிக்கிட்டு கம்பெனிக்கே போயிட்டாரு சிஸ்டர். மாசி மகம் முடிஞ்சதும் என்னைக் கம்மாபுரத்துல எங்கம்மா வூட்டுல வுட்டுடறாராம். ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டறாரு. ஒரேயடியா வுட்டுடுவாரோன்னு பயமா இருக்குது."

"அவரைக் கூட்டிட்டு வாங்க. நான் பேசறேன்."

மறு செவ்வாய் தனசேகர் வந்தார். கரண்ட் கம்பத்தில் வெள்ளையாக உட்கார்ந்திருக்குமே, அந்தப் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் கம்பெனியில் சூளை பார்ப்பவர். பிலோமினா கேள்வி கேட்டாள், அவர் ஃபேனைப் பார்த்தார். மறுபடி கேட்டாள், காலண்டரைப் பார்த்தார். பெண்களிடம் அத்தனை கெட்டிக்காரி, ஒரு ஆண் எதிரே உட்கார்ந்ததும் காது சிவந்து, குரல் கம்மி, பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எனக்குள் பட்டாசு வெடித்தது. கதவோரம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்ற செல்வியைப் பார்த்ததும்தான் அது நமுத்தது.

"அக்கா," என்றாள் பிலோமினா, என் பக்கம் திரும்பி. "நீங்க கொஞ்சம் பேசுங்களேன்."

அவரை எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சில் உட்கார்ந்து வெயிலைத் திட்டினோம், சூளையைப் பற்றிப் பேசினோம். பாதி டீயில் அவராகவே ஆரம்பித்தார்.

"சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. அவளுக்குக் கரண்ட் வச்சாங்க இல்ல?"

எங்கள் பக்கம் ரேடியேஷனுக்கு அதுதான் பேர். நர்ஸ்கள் நாங்களே அப்படித்தான் சொல்வோம்.

"ஆமா, வச்சாங்க."

"நான் இன்சுலேட்டர் பண்றவன். கரண்டப் பத்தி எனக்குத் தெரியும். உள்ள பூந்தா அது சும்மா இருக்காது. எர்த் ஆவணும். அவ ஒடம்புல வச்சதெல்லாம் எங்க போச்சு?"

நாக்கு நுனி வரைக்கும் ஒரு ஜோக் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் டீயோடு சேர்த்து விழுங்கினேன்.

"ஷாக் அடிக்கும்னு பயந்துட்டீங்களா?"

"எனக்கு அடிச்சா அடிச்சுட்டுப் போவுது சிஸ்டர். ஒரு நாளு கிட்ட போனேன். அப்படியே தூக்கிப் போட்டுச்சு அவளுக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டா. நான் தொட்டா அவளுக்குத்தான் அடிக்குது. அம்மா வூட்டுலயாவது வலியில்லாம இருக்கட்டும்னுதான்…"

ஜோக்கைத் தேடாமல் அவருடைய சூளைக்கே திரும்பிப் போனேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

"சூளைல வெந்த சாமானு ஆறினதும் கையில எடுக்கறீங்களே, நெருப்பு அதுக்குள்ளவா இருக்குது?"

"அது எப்படிங்க இருக்கும்?"

"ஆனா மண்ணு மாறிடுதில்ல?"

"மாறிடும். ஈரம் போயி இறுகிடும்."

"அதேதான். மெஷினை நிறுத்தினதுமே கரண்டும் நின்னுபோச்சு. ஒடம்புல ஒண்ணும் தங்கலை. ஆனா அது பட்ட எடம் வறண்டு சுருங்கிடுச்சு. அதான் வலி. ஷாக்கும் அடிக்காது, நோயும் உங்களுக்கு ஒட்டாது."

அவர் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "வெந்த மண்ணு திரும்பக் களிமண்ணு ஆவாதுங்களே சிஸ்டர்?" என்றார்.

என் உதாரணம் டமார் என்று உடைந்தது.

"அவங்க மண்ணு இல்லீங்க, மனுஷி. மருந்து இருக்குது, பயிற்சி இருக்குது. அவசரப்படாம இருந்தா நல்லபடியா மாறும். வாங்க, டாக்டரம்மாவே சொல்லட்டும்."

டாக்டரம்மா இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னார். வறட்சிக்கு ஜெல்லி. சுருங்கிய இடம் ஒட்டிப் போகாமல் மெல்ல விரிந்துகொடுக்க டைலேட்டர் என்கிற வழவழப்பான சின்னக் குழல். வலித்தால் நிறுத்திவிட வேண்டும், ரத்தம் பட்டால் மறைக்காமல் வர வேண்டும். அதுவரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. கடைசி வாக்கியத்துக்குத் தனசேகர் தலையை நிமிர்த்தினார். குழலை எப்படிப் பயன்படுத்துவது என்று பிலோமினா உள்ளறையில் செல்விக்குச் சொல்லிக்கொடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள், எனக்கும் சேர்த்து.

4. மாசி மகத்துக்குப் பிறகு

திருவிழா முடிந்து செல்வி வந்தாள். கம்மாபுரத்திலிருந்து இல்லை, அவள் வூட்டிலிருந்து. நகத்தில் பொம்மைச் சிவப்பு காயாமல் இருந்தது. கேஸை முடித்தவள் நான் அல்லவா? எதிர் நாற்காலியை முந்தானையால் துடைத்து வைத்தேன். யூனிஃபார்மில் முந்தானை உண்டா என்று கேட்காதீர்கள், அன்று எனக்குப் புடவை நாள். செல்வி எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நேரே பிலோமினாவிடம் போனாள். காதில் என்னவோ சொன்னாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை என் ஜோக்குக்கு எவரும் சிரித்ததில்லை.

"என்னவாம்?"

"அது அவங்க என்கிட்ட சொன்னது, அக்கா."

"புருஷனை வழிக்குக் கொண்டுவந்தது யாரு?"

"நீங்கதான். அதுக்காக?"

அன்றிலிருந்து 'கரண்ட்' என்று சொல்பவர்களிடம், அது ஒயர் கரண்ட் இல்லை, உடம்பில் தங்காது என்று கையோடு சொல்லிவிடுவேன். புருஷன்மார்கள் என் கணக்கு, டீக்கடை பெஞ்சோடு. பெண்கள் அவள் கணக்கு.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று. உயிர் பிழைத்ததே பெரிது, இதைப் போய்க் கேட்பதா என்று அந்தப் பெண்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கேளுங்கள். புருஷனையும் தனியாகக் கேளுங்கள். உங்களிடம் வாய் திறக்காதவர்களை, யாரிடம் திறப்பார்களோ அவர்களிடம் நீங்களே கொண்டுபோய் விடுங்கள். பொறாமையாகத்தான் இருக்கும். எனக்கு இப்போதும் இருக்கிறது. அன்றைக்குச் செல்வி என்ன சொல்லிச் சிரித்தாள் என்பதை அந்தப் பிலோமினா இன்று வரைக்கும் எனக்குச் சொல்லவில்லை.