பிளக்குக்கு வைத்த சந்தனம்

ஒன்பது வயதில் எனக்கு அப்பா மேல் தீராத மனத்தாங்கல் ஒன்று இருந்தது. ஏறக்குறைய ஓராண்டு அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். நியாயம் முழுவதும் என் பக்கம்தான் என்று நம்பினேன். அந்த வயதில் நியாயம் வேறு யார் பக்கமும் போவதில்லை.

அப்பா பினாங்கில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பெரிய காரை ஓட்டிக்கொண்டிருந்தார். கடலைப் பார்த்த பங்களா. அதன் பின்புறம், கார்க் கொட்டகையை ஒட்டி இரண்டு அறைகளில் நாங்கள் இருந்தோம். காலையில் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொள்வதற்கு முன் அப்பா அந்தக் காரைத் துடைப்பார். சாயங்காலம் சட்டையைக் கழற்றிய பிறகு மறுபடியும் துடைப்பார். "அந்தக் கெரெத்தாவுக்கு வாயிருந்தா அதுவும் உங்கப்பாவ அப்பான்னுதான்லா கூப்பிடும்" என்று அம்மா சொல்வாள். எனக்கும் அந்தக் காரோடு கொஞ்சம் பங்காளிப் பொறாமை உண்டு.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. தெரிந்தவர்கள் பலர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். தவுக்கேயிடம் இரண்டு கார்கள், இரண்டு டிரைவர்கள். ஒரு காரை விற்றுவிட்டு ஒரு டிரைவரைத்தான் வைத்துக்கொள்வேன், மாதக் கடைசியில் முடிவு சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். சின்னக் காரை ஓட்டியவர் ஒரு மலாய்க்காரர். எனக்கு ரம்புத்தான் பழம் பறித்துத் தருபவர். அதனால் அவரை வெறுக்கவும் வழியில்லாமல் போயிற்று.

பெரிய கார் கொஞ்ச நாளாகக் காலையில் கிளம்ப முரண்டு பிடித்தது. பிளக்குகள் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும் என்று அப்பா கேட்க, தவுக்கேயும் முகத்தைச் சுளித்துக்கொண்டே நான்கு புது பிளக்குகள் வாங்கிக் கொடுத்தார். அவை வந்து சேர்ந்த நாள் ஆயுத பூஜை. உடனே மாட்டிவிட அப்பாவுக்குக் கை துறுதுறுத்தது. அம்மா விடவில்லை. "புதுச் சாமான், பூசையில வச்சிட்டு நாளைக்கு மாட்டுங்க. ஒரு ராத்திரியில என்ன கெட்டுப்போவுது?" என்றாள்.

கொட்டகையில் ஒரு பலகை போட்டு ஸ்பானர்கள், திருப்புளி, ஜாக்கி, எண்ணெய்க் குவளை, முன்னால் செருகிச் சுற்றும் கிராங்குக் கம்பி எல்லாவற்றையும் கழுவி அடுக்கினோம். ஓரத்தில் நான்கு பிளக்குகள். சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. எனக்கு அப்போது பக்தி முற்றியிருந்தது. அப்பாவின் வேலை நிலைக்க வேண்டும் என்று ஒன்பது நாளும் மிட்டாய் தொடாமல் விரதம் இருந்தவள் நான்.

பிளக் என்ன செய்யும் என்று முன்பே அப்பாவிடம் கேட்டு வைத்திருந்தேன். அதன் நுனியில் இருக்கும் சின்ன இடைவெளியில் பொறி தெறிக்கும், அதில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும், அதனால்தான் கார் ஓடுகிறது என்று சொல்லியிருந்தார். அப்படியானால் சாமி இருக்க வேண்டிய இடம் அந்த நுனிதானே? வெளியே வெள்ளைப் பீங்கானில் வைக்கும் பொட்டு மாட்டும்போது கையிலேயே அழிந்துவிடும். ஆகவே ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து, ஒரு பிளக்கின் வாய்க்குள் சந்தனத்தைக் குத்திக் குத்தி அடைத்தேன். நல்ல கெட்டிச் சந்தனம். அடுத்ததற்குப் போவதற்குள் கிண்ணம் காலியாகிவிட்டது. மற்ற மூன்றுக்கும் வெளிப்பொட்டோடு சரி. ஒன்று போதும், அது மற்றவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

தவுக்கே வீட்டிலும் அப்போது விரதம். அவர்களுடைய ஒன்பது பேரரசத் தெய்வங்களின் திருவிழாவும் அந்த ஆண்டு எங்கள் நவராத்திரியும் ஒன்றாக வந்திருந்தன. ஒன்பது நாள் இரண்டு சமையலறையிலும் மீன் வாடையே இல்லை. மறுநாள் அவர்களுக்குக் கடைசி நாள். பத்து மணிக்குத் தவுக்கேயின் மனைவி கோயிலுக்குப் போக வேண்டும். பெரிய கார்தான் போக வேண்டும்.

காலையில் அப்பா கற்பூரம் காட்டிவிட்டு பிளக்குகளை எடுத்தார். வெளிப்பொட்டைத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டினார். எந்தப் பொருளையும் மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டு மாட்டுகிறவர், அன்று பார்க்கவில்லை. கடையிலிருந்து வந்த புதுப் பிளக், அதுவும் பூஜையில் வைத்தது. பார்க்க என்ன இருக்கிறது?

எஞ்சின் கிளம்பியது. கிளம்பியதும் நொண்டியது. மூன்று அடி, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று அடி. வண்டி முழுவதும் குலுங்கியது. "மிஸ் அடிக்குது" என்றார் அப்பா. வயர்களை மாற்றிச் செருகிவிட்டோமோ என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றி ஊதினார். பொறியைப் பிரித்து அனுப்பும் மூடியைத் திறந்து துடைத்தார். மறுபடி கிளப்பினார். அதே நொண்டல்.

தவுக்கே வெளியே வந்து நின்றார். வெள்ளை உடுப்பில் அவர் மனைவி, கையில் பூவும் ஊதுபத்தியும். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு மலாய்க்கார டிரைவர் சின்னக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பாவைப் பார்க்காமலேயே கதவைத் திறந்துவிட்டார். அந்த அம்மாள் ஏறிக்கொண்டு சௌகரியமாகப் போய்ச் சேர்ந்தார். பெரிய கார் இல்லாமலும் கோயிலுக்குப் போகலாம் என்பது தவுக்கேக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அப்பா திருப்புளியை எடுத்தார். எஞ்சின் ஓடும்போதே, மரப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கம்பியை பிளக்கின் தலைக்கும் இரும்புக்கும் நடுவில் சேர்த்து வைத்தார். அப்படி வைத்தால் அந்த பிளக்குக்குப் பொறி போகாது. முதல் பிளக்கில் வைத்ததும் நொண்டல் இன்னும் மோசமாயிற்று. அது உழைக்கிற பிளக் என்று அர்த்தம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வைத்தார். ஒரு மாற்றமும் இல்லை. கோளாறு அங்கேதான். எஞ்சினை நிறுத்தி, மூன்றாவது பிளக்கையும் முதல் பிளக்கையும் இடம் மாற்றிக் கிளப்பினார். இப்போது முதலாவது செத்துக் கிடந்தது. வயர் மேல் குற்றமில்லை, பிளக்கேதான். புதுப் பிளக்கைச் சந்தேகப்பட அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

துணியைச் சுற்றி அதைக் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஓர் ஊசியை எடுத்து நுனியில் கருகிக் கிடந்த சந்தனத்தைச் சுரண்டினார். பெட்ரோலில் முக்கிக் கழுவினார்.

சாமிச் சந்தனத்தை, அதுவும் விஜயதசமி அன்று, ஊசியால் சுரண்டி எறிகிறாரே! கத்தியிருப்பேன். தவுக்கே நிற்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

கார் இப்போது வழுக்கிக்கொண்டு ஓடியது. என்ன கோளாறு என்று தவுக்கே கேட்டார். "சாலா சாயா, தவுக்கே. தா பெரிக்சா" என்றார் அப்பா. தப்பு என்னுடையது, பார்க்காமல் மாட்டிவிட்டேன் என்று அதற்குப் பொருள். தவுக்கே தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மாதக் கடைசியில் பெரிய கார் விலை போயிற்று. நாங்கள் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு பெர்ரி ஏறி அக்கரையில், பாகான் டாலாமில் ஓர் அறைக்குக் குடிபோனோம். கப்பல் ஏறாமல் தப்பித்தோம் என்று அம்மா சாமிக்கு விளக்கேற்றினாள். அப்பாவுக்கு ரயில் கொட்டகையில் கரி அள்ளும் வேலை கிடைத்தது. வெள்ளைச் சட்டைகள் பெட்டியின் அடியில் கிடந்தன.

என் மனத்தாங்கல் அங்கே தொடங்கியது. சந்தனத்தைச் சுரண்டியதால் சாமி கோபித்துக்கொண்டது, அதனால்தான் வேலை போயிற்று. எனக்கு அது பட்டப்பகல் போலத் தெரிந்தது. நான் மிட்டாய் தொடாமல் விரதம் இருந்து சேர்த்ததை அப்பா ஓர் ஊசியால் தொலைத்துவிட்டார். அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

பல ஆண்டுகள் கழித்து என் வீட்டுக்காரர் ஒரு லாரி வாங்கினார். ஒரு நாள் அவர் பிளக்கைக் கழற்றி நுனியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அந்த இடைவெளியில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று விளையாட்டாகக் கேட்டேன். பொறி விழாது, மிஸ் அடிக்கும் என்றார். அன்று என்னால் உலை வைக்க முடியவில்லை. அப்பா அப்போது உயிரோடு இல்லை.

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அன்று தவுக்கேயிடம் அப்படிச் சொன்னாரா, இல்லை, பார்க்காமல் மாட்டிய டிரைவர்தான் குற்றவாளி என்று உண்மையாகவே நினைத்தாரா? அவருடைய சுபாவத்துக்கு இரண்டும் பொருந்தும். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த வேலை நிலைத்திருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை என்பதுதான் இன்றும் என்னை அறுக்கிறது.

என் மனத்தாங்கலின் அந்த ஓராண்டு முடியும்போது பாகான் டாலாமில் எங்கள் முதல் ஆயுத பூஜை வந்தது. அப்பா ரயில் கொட்டகையிலிருந்து தம் கரி மண்வெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து சுவரோரம் சாத்தினார். நான் சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன் உட்கார்ந்தேன். ஓராண்டாக அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

"நீங்க அன்னிக்கு அந்தச் சந்தனத்த சுரண்டுனீங்கல்லப்பா, அதான் நம்ம வேல போச்சு" என்றேன்.

அடுப்படியில் அம்மாவின் கை நின்றது. அப்பா மண்வெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஆமா பாப்பா. நான் பண்ணுனது தப்புதான்" என்றார்.

இனிமேல் அப்படிச் செய்யக் கூடாது என்றேன். செய்யமாட்டேன் என்றார். நானும் பெரிய மனது பண்ணி அவரை மன்னித்தேன்.